யாகிமா கனட்: ஓடும் வண்டிக்கு அடியில் போன மனிதர்

ஜான் வெய்ன் நடித்த 'ஸ்டேஜ்கோச்' படத்தின் துரத்தல் காட்சியை யாரோ வெட்டிப் போட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் பாய்ந்தோடும் குதிரைகளுக்கு நடுவே விழுந்து, வண்டிக்கு அடியில் போய், பின்பக்கமாக வெளியே கிடக்கிறார். அது நிஜமா ட்ரிக்கா, யாகிமா கனட் என்கிற அந்த ஆள் யார், இவ்வளவு செய்தவர் ஏன் ஹீரோ ஆகவில்லை, 'பென்-ஹர்' தேர்ப் பந்தயத்தில் ஒருத்தர் செத்ததை அப்படியே படத்தில் வைத்துவிட்டார்களாமே, அதுவும் இவர் வேலைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி நாலு இருந்தாலும், இந்த மனிதர் உயிரைப் பற்றிக் கவலைப்படாத முரட்டு ஆளா, இல்லை தொழில் தெரிந்தவரா என்பதுதான் உங்களுக்கு உண்மையில் தெரியவேண்டும் என்று நினைக்கிறேன். அவசரமாகப் படிக்கிறவர்களுக்கு: காட்சி நிஜம், அவர் ஹீரோவாகவும் இருந்தவர்தான், பென்-ஹர் சாவு வெறும் கதை.

நான் கோடம்பாக்கத்தில் பல வருஷம் ஃபைட்டராகவும், அப்புறம் மாஸ்டர்களிடம் அசிஸ்டென்டாகவும் இருந்தவன். குதிரையிலிருந்து விழுவது, மாடியிலிருந்து பெட்டில் விழுவது எல்லாம் செய்ததுண்டு. ஆனால் ஆறு குதிரை பூட்டிய வண்டியை நான் பக்கத்தில் நின்றுகூடப் பார்த்ததில்லை. அந்த விஷயத்தில் கனட்டே பிற்பாடு விளக்கியதையும், திரையில் தெரிவதையும் வைத்துத்தான் பேசுகிறேன். விழுகிற உடம்பு என்ன செய்யும் என்பது மட்டும் எனக்கு நேரடியாகத் தெரியும்.

முதலில் ஆள் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இயற்பெயர் ஈனாஸ் எட்வர்ட் கனட். 1895 நவம்பர் 29 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கோல்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் பிறந்தார். யாகிமா என்ற பெயரைப் பார்த்து அவரை செவ்விந்தியர் என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர் வெள்ளைக்காரர், யாகிமா ஊர்க்காரரும் இல்லை. 1914-ல் ஓரிகான் மாநிலத்தின் பெண்டில்டன் ரோடியோவில் அவர் குதிரையிலிருந்து தூக்கியெறியப்பட்ட படத்தை ஒரு பத்திரிகை போட்டு, கீழே பெயரை அப்படி எழுதிவிட்டது, அதுவே ஒட்டிக்கொண்டது. ரோடியோ என்றால் அடங்காத குதிரைமேல் உட்கார்ந்து தாக்குப்பிடிப்பது, காளையைக் கொம்பைப் பிடித்துச் சாய்ப்பது எல்லாம் சேர்ந்த போட்டி. பெண்டில்டனில் ஒட்டுமொத்த சாம்பியன் பட்டத்தை 1917, 1919, 1920, 1923 என்று நான்கு முறை வாங்கியிருக்கிறார். சினிமாவுக்கு வருவதற்கு முன்பே அந்த வட்டாரத்தில் அவர் பெரிய ஆள், இதை மறந்துவிடாதீர்கள். கேமராவுக்காக விழக் கற்றுக்கொண்டவர் இல்லை அவர். வருஷக்கணக்காக நிஜமாகவே விழுந்து, எப்படி விழுந்தால் எலும்பு பிழைக்கும் என்று தெரிந்துகொண்டு சினிமாவுக்குள் வந்தவர்.

லாஸ் ஏஞ்சலஸுக்கு ரோடியோ ஆட வந்த இடத்தில் சினிமாக்காரர்கள் பழக்கம் கிடைத்தது. 1920-களில் மௌனப் படங்களில் கௌபாய் ஹீரோவாகவே நடித்தார், 1926-ல் வந்த 'தி டெவில் ஹார்ஸ்' அதில் ஒன்று. அதாவது ஹீரோ ஆகவில்லையே என்கிற உங்கள் கேள்விக்கு, ஆனார், பத்து வருஷத்துக்குள் அது முடிந்தது என்பதுதான் பதில். முடித்து வைத்தது பேசும் படம். முதல் உலகப்போர் சமயத்தில் கடற்படையில் இருந்தபோது வந்த காய்ச்சலில் அவர் தொண்டை கெட்டுவிட்டது, குரல் தட்டையாக, கரகரவென்று ஆகிவிட்டது. மௌனப் படத்தில் யாருக்கும் அது தெரியாது. மைக் வந்ததும் தெரிந்தது. நிறைய பேர் அந்த இடத்தில் ஊருக்குத் திரும்பிப் போனார்கள், சிலர் குடித்தே அழிந்தார்கள். இவர் தனக்குக் கையில் இருப்பது உடம்பும் குதிரையும்தான் என்று கணக்குப் போட்டு, அடியாள் வேஷம், டூப் வேலை என்று இறங்கிவிட்டார். ஹீரோவாக இருந்தவன் இன்னொரு ஹீரோவுக்கு டூப் போடுவது நம் ஊரிலும் லேசில் யாரும் ஒத்துக்கொள்ளாத காரியம்.

இப்படி டூப் போட்டு வந்தபோதுதான் ஜான் வெய்னைச் சந்திக்கிறார். 1933-லிருந்து 1935 வரை லோன் ஸ்டார் என்கிற கம்பெனி வெய்னை வைத்து வரிசையாக மலிவுப் படங்கள் எடுத்தது. சில நாட்களில் ஒரு படம் முடிந்துவிடும். கனட் அதில் வில்லனாகவும் வருவார், வெய்னுக்கு டூப்பும் போடுவார், அதனால் சில படங்களில் குதிரையில் துரத்துகிறவரும் அவரே, துரத்தப்படுகிறவரும் அவரே. வெய்ன் நடக்கிற தோரணை, இழுத்துப் பேசுகிற தினுசு எல்லாம் கனட்டைப் பார்த்துப் பிடித்துக்கொண்டது என்று வெய்னே ஒப்புக்கொண்டதாகப் பரவலாகச் சொல்வார்கள். இரண்டு பேரையும் ஒரே பிரேமில் பார்த்தால் நம்பத்தான் தோன்றும், ஆனால் எவ்வளவு கனட், எவ்வளவு வெய்னுடைய சொந்தச் சரக்கு என்று யாரும் அளந்து சொல்ல முடியாது.

அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, இந்தக் கூட்டணியிலிருந்து வந்த குத்து. அதற்கு முன் படங்களில் சண்டை என்றால் தோளிலும் கையிலும் உண்மையாகவே தட்டிக்கொள்வார்கள். பக்கவாட்டில் வைத்த கேமராவில் அது இரண்டு பேர் மல்லுக்கட்டுவது மாதிரிதான் தெரியும். இவர்கள் என்ன செய்தார்கள் என்றால், கேமராவை ஒருவருடைய தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்து, குத்துவிடுகிற கையை எதிராளியின் தாடைக்கு முன்னால் காற்றில் கடத்தினார்கள். லென்ஸுக்கு ஆழம் தெரியாது, முஷ்டி தாடையைத் தாண்டுகிற அதே நொடியில் எதிராளி தலையை வெட்டித் திருப்பிவிட்டால் சரியான அடி விழுந்த மாதிரி இருக்கும். அதை 'பாஸ்' (pass, அதாவது கடந்துபோவது) என்று பெயர் வைத்து அழைத்தார்கள். இன்று கோடம்பாக்கத்தில் புதுப் பையன் ஃபைட்டராக வந்தால் முதலில் பழக்குவது இதைத்தான். அடிக்கிறவன் எவ்வளவு வேகமாகக் கையை வீசினாலும் பிரயோஜனமில்லை, வாங்குகிறவனுடைய ரியாக்‌ஷன் அரை நொடி முந்தினாலோ பிந்தினாலோ ஷாட் போச்சு. கேமரா ஓரடி நகர்ந்தால் முகத்துக்கும் கைக்கும் நடுவே இருக்கிற இடைவெளி பல்லிளித்துவிடும். இதை முதலில் கண்டுபிடித்தது யார் என்பதில் தகராறு உண்டு. கனட்டுக்கும் வெய்னுக்கும் பெருமை கொடுப்பவர்கள் அதிகம், அந்தப் படங்களை இயக்கிய ராபர்ட் பிராட்பரிதான் என்பவர்களும் இருக்கிறார்கள். மூவரும் ஒரே செட்டில் இருந்தார்கள் என்பதுதான் நிச்சயம். தொழிலில் இப்படித்தான் நடக்கும், மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒருத்தர் சொன்னதை மதியத்துக்கு மேல் இன்னொருத்தர் திருத்துவார்.

சரி, நீங்கள் பார்த்த காட்சிக்கு வருகிறேன். 'ஸ்டேஜ்கோச்' 1939-ல் வந்தது, இயக்கியது ஜான் ஃபோர்டு. துரத்தல் எடுத்தது கலிஃபோர்னியாவில் மொஹாவி பாலைவனத்தின் வறண்ட ஏரிப் படுகையில். தரை தட்டையாக, கல் இல்லாமல் இருக்கும், இந்த ஸ்டண்டுக்கு அது சாதாரண விஷயமில்லை. வண்டிக்கு ஆறு குதிரை, மூன்று ஜோடி. செவ்விந்திய அபாச்சே வீரன் வேஷத்தில் கனட் தன் குதிரையிலிருந்து முன் ஜோடிமேல் பாய்கிறார். வெய்ன் சுடுகிறார். கனட் இரண்டு குதிரைக்கும் நடுவே சரிந்து, கீழே ஏர்க்கால் பக்கம் கையால் பிடித்துத் தொங்கியபடி, முதுகும் காலும் தரையில் உரச இழுபட்டு வருகிறார். இன்னொரு வேட்டு. கையை விடுகிறார். பின்னால் வருகிற நான்கு குதிரைகளும், அப்புறம் வண்டியும் அவர்மேல் கடந்து போகின்றன. வெட்டு இல்லை, பொம்மை இல்லை.

இதில் கவனிக்கவேண்டியது அவர் போட்ட கணக்கு. ஆள் படுத்தபடி போக வழி வேண்டும் என்பதற்காக ஜோடிக் குதிரைகளுக்கு நடுவே இடைவெளியை அதிகப்படுத்திப் பூட்டவைத்தார். குதிரைகளை மெதுவாக ஓட்டினால் ஆபத்து குறையும் என்று நாம் நினைப்போம், அவர் நேர்மாறாக, முழு வேகத்தில் ஓட்டச் சொன்னார். மெதுவாக ஓடுகிற குதிரை பக்கவாட்டில் அலையும், எங்கே கால் வைக்கும் என்று சொல்ல முடியாது. நாலுகால் பாய்ச்சலில் போகிற குதிரை நேர்க்கோட்டில் போகும், காலடி எங்கே விழும் என்று நம்பலாம். அடுத்தது கை. பிடியை விட்டதும் இரண்டு கையையும் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் மேலாகக் கொண்டுவந்து, முழங்கைகளை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளவேண்டும், இல்லையென்றால் வண்டியின் முன் அச்சு முழங்கையைப் பெயர்த்துக்கொண்டு போய்விடும் என்று அவரே விளக்கியிருக்கிறார். விழுந்து பழகியவனுக்குத்தான் இதன் கஷ்டம் தெரியும். விழும்போது கை தானாக விரியும், தரையைத் தேடும், அது பிறவிக் குணம். அதை அடக்கக் கற்றுக்கொள்வதுதான் எங்கள் தொழிலில் பாதிப் பயிற்சி. அதுவும் குளம்புச் சத்தத்துக்கு நடுவில், மண் கண்ணில் அடிக்கும்போது, கையை நெஞ்சுக்குக் கொண்டுவர அந்த ஆளுக்கு எவ்வளவு நேரம் கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எழுந்து ஓடிவந்து, ஷாட் கிடைத்ததா, இல்லையென்றால் மறுபடி செய்கிறேன் என்று கனட் கேட்டதாகவும், கிடைக்காவிட்டாலும் இதை இன்னொரு தடவை எடுக்கமாட்டேன் என்று ஃபோர்டு சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. ஃபோர்டு பற்றிய கதைகளுக்குக் கொஞ்சம் கைகால் முளைப்பது வழக்கம், அதனால் வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கொள்ள வேண்டாம். இன்னொன்று, இதை அவர் முதன்முதலாக அங்கேதான் செய்தார் என்று நினைக்காதீர்கள். 1937-ல் ஒரு சின்னப் படத்தில் இதே மாதிரி செய்து பழகியிருந்தார், 1939-லேயே ஒரு ஜோரோ சீரியலிலும் செய்தார். ஃபோர்டு படம் பெரிய படம் என்பதால் உலகம் அதைப் பார்த்தது. அதே வருஷம் வெளிவந்த 'கான் வித் தி விண்ட்' படத்தில் அட்லாண்டா எரிகிற காட்சியில், தீக்கு நடுவே வண்டி ஓட்டிப்போகிறது கிளார்க் கேபிள் இல்லை, இவர்தான். போதாதென்று கதாநாயகி ஸ்கார்லெட்டை வழிமறித்துத் தாக்குகிற பொறுக்கியாகவும் முகம் காட்டியிருக்கிறார்.

அடிபடாமல் இருந்தாரா என்றால் இல்லை. 1940-ல் 'பூம் டவுன்' படத்துக்காக கிளார்க் கேபிளுக்கு டூப் போட்டபோது குதிரை அவர்மேலேயே விழுந்து உள்ளுக்குள் பலத்த அடி. 1943-ல் ராய் ராஜர்ஸ் நடித்த 'ஐடஹோ' படத்தில் வண்டியிலிருந்து விழுந்து இரண்டு கணுக்காலும் உடைந்தன. அப்போது வயது 47. அதற்குப் பிறகு அவர் கவனம் மெல்ல இரண்டாவது யூனிட் இயக்கத்துக்கு, அதாவது மற்றவர்களை விழவைக்கிற வேலைக்கு நகர்ந்தது.

ஒரு விஷயத்தை அவர் ரசிகர்கள் பேசமாட்டார்கள், நான் சொல்லியே ஆகவேண்டும். அந்தக் காலத்து வெஸ்டர்ன் படங்களில் குதிரை தலைகுப்புற விழுமே, அதற்கு 'ரன்னிங் டபிள்யூ' என்று ஒரு ஏற்பாடு இருந்தது. குதிரையின் முன்கால்களில் கம்பியைக் கட்டி, வயிற்றுப் பட்டையில் உள்ள வளையம் வழியாகக் கொண்டுபோய், மறுமுனையைத் தரையில் புதைத்த கட்டையில் பிணைத்துவிடுவார்கள். குதிரை முழு வேகத்தில் ஓடும், கம்பியின் நீளம் தீர்ந்ததும் இரண்டு முன்காலும் பின்னால் இழுபடும். ஓட்டுகிறவனுக்கு எப்போது விழப்போகிறோம் என்று தெரியும். குதிரைக்குத் தெரியாது. கனட் இதை நிறையவே செய்தவர். தான் செய்ததில் ஒரு குதிரையும் முடமாகவில்லை என்று பின்னாளில் சொன்னார். அவர் மற்றவர்களைவிட மண்ணைக் கொத்தி மெத்தையாக்கி, இடம் பார்த்துச் செய்திருப்பார் என்பதை நம்புகிறேன், ஒன்றுகூட இல்லை என்பதை என்னால் முழுசாக விழுங்க முடியவில்லை. அந்த ஏற்பாட்டால் பல படங்களில் குதிரைகள் கழுத்து முறிந்து செத்தது ஊரறிந்த விஷயம். 1939-ல் 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' படத்துக்காக ஒரு குதிரையை மலையுச்சியிலிருந்து தண்ணீருக்குள் தள்ளி அது செத்ததில் பெரிய கலவரம் வந்து, அதற்குப் பிறகுதான் அமெரிக்கன் ஹ்யூமேன் அசோசியேஷன் என்கிற விலங்கு நல அமைப்பு ஹாலிவுட் படப்பிடிப்புகளுக்கு ஆள் அனுப்பிக் கண்காணிக்க ஆரம்பித்தது. ரன்னிங் டபிள்யூ ஒழிந்தது, விழுவதற்குப் பழக்கிய குதிரைகள் வந்தன.

ஆளுக்கான பாதுகாப்பில் அவர் செய்தது வேறு கதை. சேணத்தில் கால் வைக்கிற அங்கவடி முழு வளையமாக இருந்தால், விழும்போது பாதம் அதில் மாட்டிக்கொள்ளும், குதிரை ஆளை இழுத்துக்கொண்டே ஓடும். குதிரைச் ஸ்டண்டில் நான் பயந்தது விழுவதற்கு இல்லை, இதற்குத்தான். கனட் ஒரு பக்கம் திறந்திருக்கிற, எல் வடிவ அங்கவடி செய்தார். கால் வழுக்கி வெளியே வந்துவிடும். வண்டி கவிழ்கிற காட்சிகளுக்கு, கவிழ்கிற நொடியில் குதிரைகள் வண்டியிலிருந்து கழன்று தனியாக ஓடிவிடுகிற மாதிரி ஒரு கம்பிவட ஏற்பாடும் செய்தார், அது ஆளையும் காப்பாற்றியது, குதிரையையும் காப்பாற்றியது. இதெல்லாம் யாரும் கைதட்டாத வேலை. திரையில் தெரியவே தெரியாது.

இப்போது பென்-ஹர். 1959 படம், இயக்குநர் வில்லியம் வைலர், ஆனால் தேர்ப் பந்தயத்தை எடுத்தது ஆண்ட்ரூ மார்ட்டனும் கனட்டும். ரோமில் சினெசிட்டா ஸ்டூடியோவில் ஏறக்குறைய 18 ஏக்கரில் மைதானம் போட்டார்கள். ஹீரோ சார்ல்டன் ஹெஸ்டனுக்கும் வில்லன் ஸ்டீஃபன் பாய்டுக்கும் நாலு குதிரைத் தேர் ஓட்டக் கற்றுக்கொடுத்தது கனட். தேரில் நின்று சமாளிக்கவே சிரமமாக இருக்கிறது, பந்தயத்தில் எப்படி என்று ஹெஸ்டன் கவலைப்பட, நீ தேரிலிருந்து விழாமல் நின்றால் போதும், ஜெயிக்கவைப்பது என் பொறுப்பு என்று கனட் சொன்னதை ஹெஸ்டனே பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். உடைந்து கிடக்கிற தேர்மேல் ஹெஸ்டனுடைய தேர் எகிறிக் குதிக்கிற ஷாட்டில் ஓட்டியது கனட்டின் மகன் ஜோ கனட். தேர் நினைத்ததைவிட உயரமாக எம்பியது, பையன் முன்பக்கமாகத் தூக்கியெறியப்பட்டு, முன் விளிம்பைப் பிடித்துத் தொங்கி, எப்படியோ ஒட்டிக்கொண்டார். மோவாயில் வெட்டுக்காயம், தையல் போட்டார்கள், அவ்வளவுதான். அந்த ஷாட்டை விட மனசில்லாமல், ஹெஸ்டன் மறுபடி தேருக்குள் ஏறுவது போல் ஒரு குளோசப் எடுத்து ஒட்டிவிட்டார்கள். படத்தில் நீங்கள் பார்ப்பது திட்டமிடாத விபத்துதான், ஆனால் ஆள் உயிரோடு இருந்தார், அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் வேலை செய்தார்.

செத்தார் என்கிற வதந்திக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இன்னொரு காரணம் தேருக்கடியில் மிதிபடுகிற உருவங்கள். அவை மூட்டு மூட்டாக மடங்குகிற மாதிரி செய்த பொம்மைகள், அவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறார்கள். மூன்றாவதாக, 1925-ல் இதே கதை மௌனப் படமாக வந்தபோது பந்தயத்தில் நிஜமாகவே குதிரைகள் நிறையச் செத்தன, ரோமில் ஒரு தேர் உடைந்து ஓட்டியவர் இறந்ததாக அதில் நடித்த ஃபிரான்சிஸ் எக்ஸ். புஷ்மன் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். இரண்டு படத்துக்கும் ஒரே பெயர், கதைகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. 1959 பந்தயத்தில் யாரும் சாகவில்லை. இத்தனைக்கும் அது ஏறக்குறைய ஒன்பது நிமிஷம் ஓடுகிற காட்சி. மகனையே தேரில் நிற்கவைத்து ஓடவிட்டவர் கணக்குப் பார்க்காமல் விட்டிருப்பாரா?

1967-ல் அகாடமி அவருக்குக் கௌரவ ஆஸ்கர் கொடுத்தது. ஸ்டண்ட் சாதனைக்காகவும், ஸ்டண்ட் ஆட்களைக் காக்கிற கருவிகளை உருவாக்கியதற்காகவும் என்று காரணத்தில் இரண்டையும் சேர்த்தே குறிப்பிட்டார்கள். அங்கவடிக்குக் கிடைத்த ஆஸ்கர் என்று நான் கிண்டலாகச் சொல்வதுண்டு. 1979-ல் சுயசரிதை எழுதினார், 1986 மே 24 அன்று 90 வயதில் நார்த் ஹாலிவுட்டில் இறந்தார். ஸ்டண்டுக்கென்று வருஷாவருஷம் தருகிற ஆஸ்கர் 2027-ல் வெளியாகும் படங்களிலிருந்துதான் ஆரம்பிக்கிறது, அறிவித்ததே 2025-ல்தான். இது பற்றி எனக்கு ஆத்திரம் உண்டு, ஆனால் நீங்கள் கேட்டது அது இல்லை.

பார்க்க என்றால் 'ஸ்டேஜ்கோச்' துரத்தலை முழுசாகப் பாருங்கள், வெட்டிப் போட்ட துண்டை வேண்டாம். வெய்ன் வண்டியிலிருந்து குதிரை குதிரையாகத் தாவி முன்னால் போகிற இடமும் கனட்தான். அப்புறம் 1981-ல் வந்த முதல் இந்தியானா ஜோன்ஸ் படத்தில் லாரிக்கு அடியில் ஹீரோ இழுபட்டுப் போகிற காட்சியைப் பாருங்கள், டெர்ரி லியனார்ட் என்கிற ஸ்டண்ட்மேன் கனட்டுக்கு மரியாதையாகச் செய்தது. அங்கே லாரியை உயர்த்திக் கட்டி, ரோட்டின் நடுவில் நீளமாகப் பள்ளம் தோண்டி ஆளுக்கு இடம் விட்டார்கள், வண்டியை மெதுவாக ஓட்டி கேமராவில் வேகத்தைக் கூட்டினார்கள். லாரி எந்த வேகத்திலும் நேராகத்தான் போகும், அதனால் மெதுவாக ஓட்ட முடிந்தது. கனட்டுக்கு அந்த வசதி இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு, சந்தேகம் எதுவும் இருந்தால் கீழே கேளுங்கள், குதிரை பற்றித் தெரிந்தவரை சொல்கிறேன்.